மேற்படி மகன் ஊர் திரும்பியது

கீரமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் வனிதா வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. காலையிலும் மாலையிலும் அவளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அந்த இரண்டு மணி நேரம் அவள் கீரமங்கலத்தில் இருப்பதில்லை. முத்தாழி என்ற துறைமுகப் பட்டினத்தில் இருப்பாள்.

முத்தாழி எந்த வரைபடத்திலும் கிடையாது. டெலிகிராமில் ஒரு குழுவாக இருக்கிறது. பதினொரு பேர் சேர்ந்து நான்கு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிற ஊர் அது. ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் தன் பாத்திரம் செய்ததையும் சொன்னதையும் நாலு வரி எழுதி நிறுத்துவார். அடுத்தவர் தன் பாத்திரமாக நின்று அதற்குப் பதில் எழுதுவார். அப்படியே கதை நகரும். எங்கே போய் முடியும் என்று எழுதுகிற யாருக்குமே தெரியாது. அந்த ருசிக்குத்தான் இத்தனை பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வனிதா அங்கே மங்கை என்ற ஓடக்காரி. குழுவைத் தொடங்கியவளும் அவள், நிர்வாகியும் அவள்.

நிர்வாகி வேலை என்பது திருவிழாவில் செருப்புக்குக் காவல் இருப்பது மாதிரி. மற்றவர்கள் சாமி பார்ப்பார்கள். இவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதிலும் புதிதாக வருகிறவர்களால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வந்த முதல் நாளே ஒருவர் கடைவீதியைக் கொளுத்தினார். மூன்று பேருடைய பாத்திரங்கள் அங்கே கடை வைத்திருந்தன. இன்னொருவர் தன்னைக் காணாமல்போன இளவரசன் என்று அறிவித்துவிட்டு, எல்லாரும் காலில் விழுந்ததாக அவரே எழுதினார். ஒரு பெண்ணின் பாத்திரத்துக்குக் கத்திக் குத்து படாது, காய்ச்சல் வராது, பிறர் மனசில் நினைப்பதெல்லாம் கேட்கும்.

இதற்காகவே வனிதா ‘புதிதாக வருவோர் கவனத்துக்கு’ என்று ஒரு அறிவுரை எழுதிக் குழுவின் தலையில் ஒட்டி வைத்திருந்தாள். முதலில் ஏழு குறிப்புகள் இருந்தன. பழைய பகுதிகளைப் படித்துவிட்டு வாருங்கள். உங்கள் பாத்திரத்துக்குத் தெரிய வழியில்லாத சங்கதியை அதன் வாயில் போடாதீர்கள். எழுதி நிறுத்தும்போது அடுத்தவர் நுழைய ஒரு வாசல் விட்டு நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலே முதல் குறிப்பு: ‘பந்தியில் உட்கார்ந்தால் நம் இலையில்தான் கை வைக்க வேண்டும். அடுத்தவர் பாத்திரம் என்ன செய்தது, என்ன சொன்னது என்பதை அவர் மட்டுமே எழுதுவார்.’ ஒவ்வொரு புதியவரும் ஒரு புதுத் தப்புச் செய்ய, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு குறிப்புச் சேர, இப்போது முப்பத்தொன்று ஆகிவிட்டது. ஏழையே படிக்காதவர்கள் முப்பத்தொன்றையா படிக்கப் போகிறார்கள்?

இவ்வளவு எரிச்சலுக்கு நடுவிலும் அவள் அதை விடாமல் நடத்தியதற்கு ஒரு காரணம் இக்பால். கோட்டைப்பட்டினத்துக்காரன். குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். வனிதா அவனை நேரில் பார்த்ததில்லை. முத்தாழியில் அவன் கலங்கரை விளக்கின் காவல்காரர் மஸ்தான். மஸ்தானின் மகன் கப்பலேறிப் போய் மூன்று வருடம் ஆகிறது. வரவில்லை. மஸ்தான் விளக்கேற்றுவார், கடலைப் பார்ப்பார். ஓடக்காரி மங்கை தினமும் அவருக்குச் சோறு கொண்டுபோவாள். இரண்டு பேரும் மீன் விலை பேசுவார்கள், காற்று பேசுவார்கள், கப்பலை மட்டும் பேசமாட்டார்கள். அந்தப் பேசாததை இக்பால் எழுதுகிற அழகுக்காகவே மற்ற ஒன்பது பேரும் காத்திருந்து படிப்பார்கள். முத்தாழிக்கு அச்சாணி அவன்தான். வனிதாவுக்கோ அதற்கும் மேலே. பகல் முழுக்க ஊராருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அவளிடம், நீ இன்றைக்கு என்ன நினைத்தாய் என்று கேட்கிற ஒரே இடம் அந்தக் கலங்கரை விளக்கின் படிக்கட்டு.

போன மாதம் சோலையப்பன் என்று ஒருவர் குழுவில் சேர்ந்தார். விதிப்படி பாத்திரத்தின் பெயர், வயது, தொழில் அனுப்பச் சொல்லி வனிதா கேட்டாள். பதில் இல்லை. பத்து நாள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பதினோராம் நாள் மத்தியானம் அவருடைய முதல் பதிவு வந்தது.

‘மஸ்தான் ஆகிய நான் மேற்படி கலங்கரை விளக்கில் மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்து வந்தேன். இன்று காலை சுமார் பத்து மணியளவில் மேற்படி கப்பல் மேற்படி துறைமுகத்தை வந்தடைந்தது. அதிலிருந்து என் மகன் நல்ல நிலையில் இறங்கினான். ஏன் இத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அங்கே மழை உண்டா என்று மட்டும் கேட்டேன். மேற்படி மகன் அழுதான். என் நீண்டநாள் குறை தீர்ந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, சோலையப்பன், மனு எழுதுபவர், தாலுகா அலுவலகம் எதிரில், ஆவுடையார்கோவில்.’

கீழே தேதியும் கைபேசி எண்ணும் இருந்தன.

வனிதாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் இலையில் கை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். இலையையே சுருட்டிக்கொண்டு போனவரை இப்போதுதான் பார்க்கிறாள். மூன்று வருடம் இரண்டு பேர் பொத்திப் பொத்தி வளர்த்ததை எட்டு வரியில் முடித்து, இப்படிக்கு என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். உடனே அழித்தாள். அதற்குள் இக்பால் படித்துவிட்டிருந்தான்.

அவன் அன்றைக்கு எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. ஒரு வாரம் கலங்கரை விளக்கு எரியவே இல்லை. குழுவில் எல்லாரும் தயங்கித் தயங்கி ஏதோ எழுதினார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. திருக்கோகர்ணத்தில் இருந்து எழுதும் சந்தோஷ்குமார் மட்டும் உற்சாகமாக இருந்தான். முத்தாழியில் அவன் சுங்க அதிகாரி. பாத்திரத்தைக் கழற்றி வைக்கத் தெரியாதவன். பதினான்காவது விதிப்படி சோலையப்பனை நீக்க வேண்டும், நிர்வாகி ஏன் தாமதிக்கிறார் என்று காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் கேட்டான். வனிதாவுக்கும் அதுதான் எண்ணம். நீக்கினால் இக்பால் திரும்பி வருவானா என்பதுதான் தெரியவில்லை.

எட்டாம் நாள் இக்பாலிடமிருந்து அவளுக்குத் தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் லாரியின் இரைச்சல்.

“வனிதாக்கா, அந்த ஆளு யாருன்னு தெரியுமா? எங்க அத்தா வாரம் ஒருக்கா போன் பண்ணுவாக. ஆறு வருஷமாச்சு நான் ஊருக்கு வந்து. மொதல்ல கொரோனா, அப்புறம் கம்பெனி மூடுனது, அப்புறம் பேப்பர் சரியில்ல. எப்ப வாரேன்னு அத்தா ஒருநாளும் கேட்டதில்ல. அங்கிட்டு மழை உண்டான்னுதான் கேப்பாக. குவைத்துல என்னக்கா மழை? அதை இந்த ஆளு அப்படியே எழுதியிருக்காரு. எங்க வீட்டுக்குள்ள இருக்க பேச்சு இவருக்கு எப்படித் தெரியும்? யாரோ ஊர்க்காரங்க என்னைய வச்சு வேடிக்கை பண்றாங்கக்கா.”

இரைச்சல் நின்றது. லாரியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். பிறகு சொன்னான்.

“மஸ்தான் எங்க அத்தாதான். அவுக கேக்காம இருக்கையில என்ன நெனைப்பாகன்னு எழுதிப் பாத்துக்கிட்டு இருந்தேன். மகன் வந்துட்டான்னு எழுத எனக்கு வாய் வரல, வரமாட்டான்னு எழுதக் கை வரல. இப்ப அவரு எழுதிட்டாரு. இனிமே நான் என்னத்த எழுதுறது? நான் போயிக்கிறேங்க்கா.”

வனிதா அதை மூன்று தடவை கேட்டாள். மூன்று வருடம் தான் யாருடைய அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனோம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவசரப்படாதே தம்பி, அந்த ஆள் யாரென்று நானே நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன், அதுவரைக்கும் குழுவை விட்டுப் போகாதே என்று பதில் அனுப்பினாள்.

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொன்னாள். அவள் கணவன் திருமுருகன் லோடு வேன் ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இல்லாத ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவரு பொறப்பட்டாச்சு” என்றான். கேலி செய்தாலும் அறந்தாங்கி வரைக்கும் வேனிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டான். அங்கிருந்து ஆவுடையார்கோவிலுக்கு அவள் பேருந்து பிடித்தாள். வழி முழுக்கச் சோலையப்பனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு ஏழெட்டுச் சேர்ந்திருந்தது.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, நெகிழிப் படுதா கட்டிய நிழலில், ஒரு மர மேசையும் இரண்டு நாற்காலிகளும். மேசைக்குப் பின்னால் திருநீறு பூசிய ஒரு மெலிந்த மனிதர், அறுபதை ஒட்டிய வயது. எதிரே ஒரு பெண்ணுக்காக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வனிதா நிழலின் ஓரத்தில் நின்றாள். அவர் நிமிர்ந்து, “செத்த இருங்க தாயி, இவுக வேலையை முடிச்சுட்டு வாரேன்” என்றார்.

அந்தப் பெண்ணின் பட்டாவில் யாருடைய பெயரோ ஏறிவிட்டதாம். சோலையப்பன் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த வருடம் என்று கேட்டார். வேறு யாரும் பங்காளி உண்டா என்று கேட்டார். அவள் சொன்னதை எழுதினார். எழுதி முடித்ததும் முதலிலிருந்து நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். ஒரு இடத்தில் அந்தப் பெண், நான் ‘மிரட்டினார்’ என்று சொல்லவில்லை, ‘சத்தம் போட்டார்’ என்றுதான் சொன்னேன் என்றாள். அவர் அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்து முழுக்கத் திரும்ப எழுதினார். முகம் சுளிக்கவில்லை. பிறகுதான் கையெழுத்து வாங்கி அனுப்பினார்.

வனிதா சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதி அதைப் பார்த்தபோதே உதிர்ந்துவிட்டது. மீதிப் பாதிக்கு இன்னும் சூடு ஏறியது. நாற்காலியில் உட்கார்ந்ததும், நான்தான் முத்தாழி நிர்வாகி என்றாள். அவர் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றே கும்பிட்டார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

இக்பாலின் அத்தாவைத் தெரியுமா, கோட்டைப்பட்டினத்தில் யாரைத் தெரியும், அந்த மழைப் பேச்சு எங்கே கிடைத்தது என்று வரிசையாகக் கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. குவைத்தில் இருக்கும் யாரையும் அவருக்குத் தெரியாது.

“மகன் வெளிநாட்டுல இருக்கான், கொண்டாந்து சேத்துவிடுங்கன்னு கலெக்டருக்கு மனு எழுத வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் வாராக தாயி. எல்லாருகிட்டயும் கேப்பேன், போன்ல மகன்கிட்ட என்ன பேசுவீகன்னு. வான்னு சொல்றவுக கம்மி. மழையா, வெயிலா, சாப்டியா, அம்புட்டுத்தான். அதை மனுவுல எழுத முடியாது. மனசுல கெடந்துச்சு. இங்க எழுதிட்டேன்.”

“யாரைக் கேட்டு எழுதுனீங்க?”

அவர் விழித்தார்.

“மொத குறிப்பே அதுதானேய்யா. அடுத்தவங்க எலையில கை வைக்காதீங்கன்னு. படிக்கலையா?”

படித்ததாகச் சொன்னார். முப்பத்தொன்றையும் ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தார். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். வனிதாவுக்கு அது மேலும் எரிச்சலாக இருந்தது. நான்கு வருடத்தில் முழுசாகப் படித்த ஒரே ஆள், அவரும் இப்படியா?

சோலையப்பன் மெல்லச் சொன்னார். நாற்பது வருடமாக அவர் எழுதியதெல்லாம் அடுத்தவருக்காகத்தான். ஊரெல்லாம் கொடுத்த மனுவில் கால்வாசிக்குக்கூடப் பதில் வராது. கொடுத்தவர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்பார்கள். “அந்த மஸ்தான் மூணு வருஷமா நிக்கிறாரு. நாலு வரி எழுதுனா அவரு மகன் வந்துருவான். கையில பேனா இருக்கு, கொடுக்கக் கூடாதுன்னு சொல்ல ஆபீசரும் இல்ல. எப்படித் தாயி சும்மா இருக்கிறது?”

அடுத்தவர் துயரம் பொறுக்காத மனசைக் கடவுள் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் அந்த மனசும் கதவைத் தட்டிவிட்டுத்தானே உள்ளே போக வேண்டும்? வனிதா, இப்போது எழுந்துபோன பெண்ணுக்காக அவர் அடித்துப் போட்டிருந்த தாளைக் காட்டினாள்.

“இவங்க ஒரு வார்த்தை மாத்தச் சொன்னதுக்கு முழுத் தாளையும் திரும்ப எழுதுனீங்க. அங்க மட்டும் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?”

அவர் வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

“இங்க ஆளு எதுக்க உக்காந்துருக்கு. அங்க வெறும் எழுத்துதான் தாயி தெரிஞ்சுச்சு. மஸ்தானைத்தான் பாத்தேன். மஸ்தானை எழுதுறதுக்கு ஒரு ஆளு இருக்காருன்னு எனக்கு ஒறைக்கவே இல்ல.”

அந்த ஆள் யார், அவன் ஏன் எழுதுகிறான் என்பதைச் சொல்ல வனிதாவுக்கு உரிமை இல்லை. அதனால், அவர் எழுதுவதையே விட்டுவிட்டார் என்று மட்டும் சொன்னாள். சோலையப்பனின் முகம் கறுத்துச் சுருங்கியது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கட்டுமா என்று கேட்டார். காலே இல்லாத இடத்தில் எப்படி விழுவது என்று வனிதா சிடுசிடுத்தாள். இனிமேல் எழுதுவதாக இருந்தால் உங்களுக்கென்று ஒரு பாத்திரம் வைத்துக்கொண்டு அதை மட்டும் எழுதுங்கள், மற்றவரைத் தொட வேண்டுமானால் கேட்டுவிட்டுத் தொடுங்கள் என்று சொன்னாள்.

“நான் அங்க யாரு தாயி?”

“அதை நாஞ் சொல்ல முடியுமா? நீங்கதான் சொல்லணும்.”

“நாப்பது வருஷமா ‘நான்’ ‘நான்’னு எழுதுறேன். ஒரு நானும் என்னோடது இல்ல” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கடைசிவரை அவரை நீக்கப் போவதாக அவள் சொல்லவில்லை. சொல்வதற்காகத்தான் இரண்டு வண்டி மாறி வந்திருந்தாள். திரும்பும் பேருந்தில் உட்கார இடமும் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி இக்பாலுக்குச் செய்தி அனுப்பினாள். வேடிக்கை பண்ணியது யாருமில்லை, உன் அத்தா மாதிரி வாரம் இரண்டு பேர் அந்த மனிதரிடம் வருகிறார்களாம், எல்லாரும் மழையைத்தான் கேட்கிறார்களாம் என்று எழுதினாள். அவன் படித்தான். பதில் இல்லை.

மூன்று நாள் பதில் இல்லை. சந்தோஷ்குமார், நிர்வாகி பாரபட்சம் காட்டுகிறார் என்று எழுதினான். வனிதா முப்பத்திரண்டாவது குறிப்பு ஒன்றை எழுதத் தொடங்கி, எதை எழுதினால் இதைத் தடுத்திருக்க முடியும் என்று தெரியாமல் அழித்தாள். மருந்துக் கடையில் ஒருவருக்குச் சளி மருந்துக்குப் பதில் வயிற்று மருந்தை எடுத்துக் கொடுக்கப் போய், நல்லவேளை, பில் போடும்போது பார்த்துவிட்டாள். இவ்வளவு பாடும் எதற்கு, குழுவைக் கலைத்துவிட்டால் என்ன என்றுகூட அன்றைக்கு ஒரு நினைப்பு ஓடியது.

நான்காம் நாள் மத்தியானம் குழுவில் சோலையப்பனின் விவரம் வந்தது. ‘பெயர்: பின்னர் தெரிவிக்கப்படும். வயது: 61. தொழில்: பின்னர் தெரிவிக்கப்படும்.’ அதற்குக் கீழே ஒரு கடிதம்.

‘பொருள்: தங்கள் பாத்திரத்தின் அருகில் சற்று நேரம் உட்கார அனுமதி கோருதல் தொடர்பாக. அய்யா, தங்களைக் கேட்காமல் தங்கள் மகனைக் கொண்டுவந்தது என் பிழை. அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இனி கப்பல் பற்றி நான் எதுவும் எழுதமாட்டேன். தாங்கள் மறுத்தாலும் வருத்தமில்லை.’

சந்தோஷ்குமார் உடனே, பெயரில்லாத பாத்திரத்துக்கு மூன்றாம் விதியில் இடமில்லை என்று எழுதினான். “செத்த சும்மா இருங்க தம்பி” என்று வனிதா போட்டாள். நான்கு வருடத்தில் நிர்வாகி அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒரு மணி நேரம் போனது. பன்னிரண்டு நாளாகக் காணாத பெயர் திரையில் தெரிந்தது.

‘உக்காருங்க’ என்று இக்பால் எழுதியிருந்தான். அவ்வளவுதான்.

சோலையப்பனின் பதிவு வர மேலும் ஒரு மணி நேரம் ஆனது. வருகிறவர்களுக்கெல்லாம் நிமிடத்தில் மனு எழுதுகிறவர் அதற்குள் எத்தனை தாள் கிழித்தாரோ.

‘நான் படி ஏறி வந்தேன். மஸ்தான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். நானும் கடலைப் பார்த்தேன்.’

மேற்படி இல்லை. பணிவுடன் இல்லை. இப்படிக்கு இல்லை. வனிதா கடை மேசையில் கையை ஊன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடக்காரி மங்கை இந்த இடத்தில் சோறு கொண்டுவரலாம். ஒரு வரி எழுதியும்விட்டாள். பிறகு, இது தன் முறை இல்லை என்று தோன்ற, அனுப்பாமல் அழித்தாள்.

மணி நான்காகப் போகிறது. தலைவலி மாத்திரை கேட்டு ஒருவர் வந்து நின்றார். எடுத்துக் கொடுத்துத் திரும்பியபோது மஸ்தான் எழுதியிருந்தார்.

‘மஸ்தான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். “அங்கிட்டு வெயில் விழும். மேல வந்து உக்காருங்க” என்றார். இருட்டுவதற்கு இன்னும் நேரமிருந்தது. எழுந்து போய் விளக்கின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.’